தாங்கியும் கேனும்: மலையகத்தில் எரிபொருள் சேமித்த கதை

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. மோட்டார் சைக்கிள்களுக்கு 1,000 ரூபா, முச்சக்கர வண்டிகளுக்கு 1,500 ரூபா, கார், வான், ஜீப் வண்டிகளுக்கு 5,000 ரூபா. அதற்கு மேல் எரிபொருள் இல்லை. கேன்களுக்கும் வேறு கொள்கலன்களுக்கும் அறவே கிடையாது. ரூபாக் கணக்கைப் பற்றித்தான் நாடு முழுவதும் பேசிற்று. என் மனதில் தங்கியது கேன் பற்றிய வரி. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதியவன் என்ற முறையில், மலையகத்தைப் பொறுத்தவரை அந்த வரிக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருப்பதை அறிவேன். அதை இங்கே எழுதிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

புகையிரதம் ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின. அரிசியும் மண்ணெண்ணெயும் மேலே ஏறின. மண்ணெண்ணெய் வந்தது நான்கு கலன் கொள்ளும் சதுரத் தகர டின்களில். எண்ணெய் தீர்ந்தாலும் டின் தீராது. மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் தண்ணீர் வாளி. விரித்துத் தட்டினால் கூரையின் ஓட்டைக்கு ஒட்டு. லயங்களில் பிறந்து வளர்ந்த மூத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எரிபொருள் அடைத்த பாத்திரம் பின்னர் வீட்டுப் பாத்திரமாகிவிடும் வழக்கம் அங்கே தொடங்கியது.

அதே வகை டின்னில்தான் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படை வட ஆபிரிக்கப் பாலைவனத்துக்குப் பெற்றோல் கொண்டுபோனது. மெல்லிய தகரம், ஈயப்பற்று வைத்த மூட்டு, லொறியின் குலுக்கல். ஏற்றிய எண்ணெயில் பெரும் பங்கு மணலில் ஒழுகிப்போயிற்று. ஜேர்மனியர் 1937இலேயே வேறொரு கேன் வடிவமைத்திருந்தார்கள்: 20 லீற்றர், மூன்று கைப்பிடி, பற்றவைத்து இணைத்த இரண்டு பாதிகள், நெம்பித் திறக்கும் இறுக்கமான மூடி, எரிபொருள் விரிவதற்கென்று மேலே விடப்பட்ட காற்றிடம். பிரித்தானியர் அதைப் பார்த்துத் தாங்களும் செய்யத் தொடங்கினார்கள். ‘ஜெரி’ என்பது ஜேர்மன் சிப்பாய்க்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர். அதனால்தான் இன்றும் அது ஜெரி கேன். எதிரியின் பெயரைச் சுமந்துகொண்டு உலகம் முழுவதும் நல்ல பெயர் எடுத்த பாத்திரம் வேறு உண்டா என்று தெரியவில்லை!

நம் நாட்டில் 1961இன் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. அடுத்த ஆண்டு ஷெல், எஸ்ஸோ, கல்ட்டெக்ஸ் நிறுவனங்களின் சொத்துகள் அதன் கைக்கு வந்தன. அமெரிக்கா கோபித்துக்கொண்டு 1963இல் உதவியை நிறுத்தியது. இவையெல்லாம் வேறு பலரால் விரிவாக எழுதப்பட்டவை. நமக்கு வேண்டியது ஒன்றுதான். மலைநாட்டுக்கான எரிபொருள் கொலன்னாவையிலிருந்து புகையிரதத் தாங்கி வண்டிகளில் ஏறி, கோட்டகலை, அப்புத்தளைக் களஞ்சியங்களுக்கு வரும். அங்கிருந்து பவுசர், பவுசரிலிருந்து நிரப்பு நிலையம். அதுவரை எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு, தரம் உண்டு, பொறுப்பான அதிகாரி உண்டு. நிரப்பு நிலையத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலுள்ள கடைசிச் சில மைல்கள் எப்போதும் கேனின் ஆட்சியிலேயே இருந்து வந்திருக்கின்றன.

வாகனத்தின் தாங்கிக்கும் கையில் தூக்கும் கேனுக்கும் என்ன வேறுபாடு என்று வாசகர்கள் கேட்கலாம். வாகனத் தாங்கி என்பது வெறும் பெட்டியன்று. ஐரோப்பாவில் 1970களில் நடைமுறைக்கு வந்த 34ஆம் இலக்க விதி, பிளாஸ்ற்றிக் தாங்கியொன்றை நேரடிச் சுவாலையில் 60 வினாடி பிடித்து, பின்னர் தடுப்பொன்றை வைத்து மேலும் 60 வினாடி சூட்டில் நிறுத்திச் சோதிக்கச் சொல்கிறது. மோதலுக்குப் பின் நிமிடத்துக்கு 30 கிராமுக்கு மேல் ஒழுகக்கூடாது. அமெரிக்காவில் லொறியின் பக்கவாட்டுத் தாங்கியை 30 அடி உயரத்திலிருந்து மூலைபட விழவிட்டுப் பார்க்கிறார்கள். கொள்ளளவில் 95 வீதத்துக்கு மேல் நிரம்பாதபடி அது அமைந்திருக்க வேண்டும். பட்டறையில் தகட்டை மடித்துப் பற்றவைத்து, லொறியின் சட்டத்தில் கம்பியால் கட்டும் மேலதிகத் தாங்கிக்கு இந்தப் பரீட்சை எதுவும் இல்லை. உள்ளே தடுப்புத் தகடு இல்லாததால், கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எண்ணெய் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்து மோதும். ஒவ்வொரு மோதலும் பற்றுவைத்த மூட்டில் போய் விழும்.

கேனின் கதை இன்னும் மோசம். பெற்றோலின் ஆவி ஏறத்தாழ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடியது. நுவரெலியாவில் உறைபனி விழும் தை மாத விடியலிலும் அதற்குக் குளிரே இல்லை. மண்ணெண்ணெய் அப்படியன்று, அது 38 பாகைக்கு மேல்தான் போதிய ஆவியை விடும். ஆகவே மண்ணெண்ணெயைப் பழகிய கை பெற்றோலையும் அதேபோலக் கையாளும்போது ஆபத்து தொடங்குகிறது. கொழும்பில் மூடிய பிளாஸ்ற்றிக் கேனை 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்து பாருங்கள். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ‘புஸ்’ என்ற ஓசையோடு வெளிவருவது ஆவி. அது காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். லயத்து வீட்டில் தரையோடு இருப்பது என்ன? விறகடுப்பு.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தை நினைக்காமல் இருக்க முடியாது. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் அங்கே பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தை மண்ணெண்ணெய் எழுப்பாது என்பதால், சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குக் கொடுத்து எழுப்பினார்கள். உலகில் எந்தச் சட்டப் புத்தகமும் அந்தப் போத்தலை எரிபொருள் தாங்கி என்று ஏற்காது. ஆயினும் ஒரு சமூகத்தையே அது நடமாட வைத்தது. பெற்றோல் துளிக்கணக்கில் கிடைத்ததால் ஆபத்தும் பெரும்பாலும் துளிக்கணக்கிலேயே நின்றது என்பது என் கணிப்பு. 2022இல் மலையகத்தில் நிலைமை வேறு. வரிசையில் நின்றால் லீற்றர்க்கணக்கில் கிடைத்தது. எப்போது கிடைக்கும் என்பதுதான் எவருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட பஞ்சம் மனிதரைச் சேமிக்கத் தூண்டும்.

கேனுக்குத் தடை வந்ததும் சட்டப்படி எரிபொருள் வாங்கக்கூடிய ஒரே பாத்திரம் வாகனத் தாங்கி என்றாயிற்று. விளைவு என்ன? தாங்கியை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவது, குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக் கேனுக்கு மாற்றுவது, மீண்டும் வரிசையில் வந்து நிற்பது. கறுப்புச் சந்தைக்காரன் இதைச் செய்தான், உண்மை. தோட்டத்து முச்சக்கர வண்டிக்காரரும் செய்தார். அவருடைய வண்டிதான் இரவு நேரத்தில் அந்தத் தோட்டத்தின் அம்புலன்ஸ். பிரசவ வலி கண்டவளை டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோக இரண்டு லீற்றர் கைவசம் வைத்திருப்பதைப் பதுக்கல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் அந்த இரண்டு லீற்றர் இருந்த இடம், பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் லயத்தில், 10 அடிக்கு 12 அடி அறையொன்றின் மூலை. நிரப்பு நிலையத்தில் தீயணைப்புக் கருவியும் மணல் வாளியும் உண்டு. லயத்தில் ஓர் அறையில் பிடித்த தீ கூரை வழியே வரிசை முழுவதையும் தின்றுவிடுவதை ஆண்டுதோறும் செய்தியாக எழுதிப் பழகியவர்கள் நாங்கள்.

தடையை விதித்தவர்களின் நோக்கம் பங்கீடு. அந்த நாட்களில் நான் வாசித்த அறிவித்தல்கள் எத்தனை ரூபா, எத்தனை லீற்றர், எந்த வாகனம் என்று பேசின. வாங்கிப்போன எண்ணெய் எதில் இருக்கிறது என்று பேசவில்லை. பிரித்தானியாவின் 1982ஆம் ஆண்டு விதி பெற்றோலுக்கான பிளாஸ்ற்றிக் கேன் 5 லீற்றருக்கு மேல் கொள்ளக்கூடாது என்றிருந்தது. அது எப்படிச் செய்யப்பட வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. இந்தியாவின் 1934ஆம் ஆண்டுப் பெற்றோலியச் சட்டம் வாகனத்தோடு இணைந்த தாங்கியையும் மற்றப் பாத்திரங்களையும் தனித்தனியே நோக்குகிறது. அங்கெல்லாம் சட்டம் கேனை ஒழிக்கப் பார்க்கவில்லை. கேன் இருக்கும் என்று ஒப்புக்கொண்டு அதற்கு இலக்கணம் வகுத்தது. இங்கே பஞ்ச காலத்தில் கிடைத்த ஒரே இலக்கணம் ‘கூடாது’.

ஏப்ரல் 19ஆம் திகதி, மலைப் பாதை ஏறத் தொடங்கும் ரம்புக்கனையில், எரிபொருள் கேட்டு மறியல் செய்தவர்கள் மீது பொலிஸார் சுட்டனர்; ஒருவர் உயிரிழந்தார். பவுசருக்குத் தீ வைப்பதைத் தடுக்கவே சுட்டதாகப் பொலிஸ் தரப்புக் கூறியது. ஜூன் 27ஆம் திகதி அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றாயிற்று. பின்னர் கியூஆர் அட்டை வந்தது: வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர். வரிசை குறைந்தது. தாங்கியை நிரப்பி உறிஞ்சி மீண்டும் நிரப்பும் வித்தையும் அத்தோடு பெருமளவு அடங்கிற்று. கேன் தடையால் முடியாததைக் கணினிக் கணக்கு செய்துகாட்டியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அடுத்த அடி மண்ணெண்ணெய் வழியாக வந்தது. லீற்றர் 87 ரூபாவாக இருந்தது, ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. மலிவு மண்ணெண்ணெயை பஸ்காரரும் லொறிக்காரரும் டீசலில் கலக்கிறார்கள் என்பது பல ஆண்டுகளாக இருந்து வந்த முறைப்பாடு. விலை உயர்வுக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் அதுவும் ஒன்று. கலந்தவன் யாரோ, விலை கொடுத்தவர்கள் கடலோரத்து மீனவரும் லயத்தில் விளக்கேற்றியவர்களும்.

பங்கீட்டு முறை 2023 செப்ரெம்பர் 1ஆம் திகதி நீக்கப்பட்டது. பஞ்ச காலத்தில் வாங்கிய வெள்ளையும் மஞ்சளுமான பிளாஸ்ற்றிக் கேன்கள் இப்போதும் லயத்து வாசல்களில் கிடக்கின்றன. சிலவற்றில் புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெற்றோல், சிலவற்றில் பீலித் தண்ணீர். எது எதில் என்பதை வீட்டுக்காரர் மணந்து பார்த்துத்தான் சொல்வார்.