மாஸ்ட் செல்: சாயத்தில் தெரிந்த ஒரு வரலாறு

மலர்க் குழு நண்பர்கள், "நீங்க விலங்கியல்காரர், ஏதாவது எழுதித் தாங்க" என்றார்கள். விடுதி நினைவுகளை என்னைவிட நன்றாக எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் திசுவியல் செய்முறை வகுப்பில் நாம் பார்த்த ஒரு செல்லின் கதையைச் சொல்கிறேன். டொலுடின் நீலம் விட்டால் சுற்றியுள்ளதெல்லாம் நீலமாக இருக்க, ஒன்று மட்டும் ஊதா மணிகளோடு தெரியுமே, அதுதான் மாஸ்ட் செல்.

இதற்குப் பெயர் வைத்தவர் பால் எர்லிக். 1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டில், அப்போது புதிதாக வந்திருந்த அனிலின் சாயங்களைத் திசுக்களில் ஏற்றிப் பார்த்தார். சில செல்களின் மணிகள் சாயத்தின் நிறத்தையே மாற்றிக் காட்டின. இவை நன்றாகத் தின்று கொழுத்த செல்கள் என்று அவர் நினைத்தார். ஜெர்மன் மொழியில் 'மாஸ்ட்' என்றால் கால்நடைகளைக் கொழுக்க வைப்பது. கருத்து தவறு, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அவருக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மணிகளுக்குள் என்னதான் இருக்கிறது? 1937இல் ஸ்வீடனில் ஹோல்ம்கிரென், விலாண்டர் இருவரும் ஹெப்பாரின் என்றார்கள். 1953இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரைலியும் வெஸ்ட்டும் ஹிஸ்டமினைக் கண்டுபிடித்தார்கள். 1966இல் இஷிசாகா தம்பதியர் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை அடையாளம் காட்டினார்கள். இதோடு, மாஸ்ட் செல் என்றாலே தும்மல், தடிப்பு, ஆஸ்துமா என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஸ்கிளீரோடெர்மா என்று ஒரு நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்க, கொல்லாஜன் நார் அளவுமீறிச் சேர்ந்து தோல் மரக்கட்டையாக இறுகும், நுரையீரலும் இறுகலாம். என் சித்திக்கு இந்த நோய். விரல்களை மடக்க முடியாமல், "தோலு ஒரு சைஸ் சின்னதா போயிருச்சுடா" என்பார். அதற்குப் பிறகுதான் நான் இந்தச் செல்லைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே தேடத் தொடங்கினேன்.

1985இல் அமெரிக்காவில் ஹாக்கின்ஸ், கிளேமன் குழுவினர் இந்த நோயாளிகளின் தோலில் மாஸ்ட் செல்கள் கூடுதலாக இருப்பதை எழுதினார்கள். இவை வெளியிடும் டிரிப்டேஸ், நார் தயாரிக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டும் என்பதும் பின்னர் தெரிந்தது. 1987இல் 'இறுகிய தோல்' எலிகளுக்கு, மாஸ்ட் செல் வெடிப்பைத் தடுக்கும் குரோமோகிளைகேட் கொடுத்தபோது இறுக்கம் குறைந்தது. ஆஸ்துமாவுக்குப் பயன்பட்ட அதே மருந்துதான்!

குற்றவாளி பிடிபட்டான் என்று தோன்றும். பொறுங்கள். 1996இல் அந்த எலிகளின் கோளாறு ஃபிப்ரில்லின்-1 என்ற மரபணுவில் இருப்பது தெரிந்தது. அப்படியானால் எலியின் நோயும் மனிதரின் நோயும் ஒன்றல்ல. சம்பவ இடத்தில் நின்றவன் எல்லாம் திருடன் ஆகிவிடுவானா? மாஸ்ட் செல் நெருப்பை மூட்டுகிறதா, எரிகிற நெருப்பில் எண்ணெய் விடுகிறதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2019இல் இந்நோயின் நுரையீரல் பாதிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற நின்டெடனிப், ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குப் போகும் தூண்டுதல்களைத் தடுக்கிறது. அது சேதத்தை மெதுவாக்குகிறது, குணப்படுத்துவதில்லை.

முன்னாள் நண்பர்களே, வீட்டில் யாருக்காவது குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரல் வெளுத்து, பிறகு நீலமாகிறதா? பலருக்கு அது வெறும் தொந்தரவுதான். ஆனால் ஸ்கிளீரோடெர்மாவில் பெரும்பாலும் முதலில் தட்டுப்படுவது அதுவே. வயசுக்கோளாறு என்று விட்டுவிடாமல் வாதநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, ஸ்லைடில் ஏதாவது ஒன்று மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தால் கழுவி விடாதீர்கள். எர்லிக் பார்த்ததும் அதைத்தான். மீதி வழக்கை நடத்தி முடிக்க வேண்டியது உங்கள் தலைமுறை.