ஐந்து தொகுதிகள், ஒரே நகரம்

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு ஒன்பது முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் க. அன்பழகன். அந்த ஒன்பது வெற்றிகளும் சென்னை மாநகரில் கிடைத்தவை. எழும்பூர், புரசைவாக்கம், பூங்கா நகர், அண்ணா நகர், துறைமுகம் என ஐந்து தொகுதிகள் மாறினாலும் நகரம் மாறவில்லை. பிறந்ததோ திருவாரூருக்கு அருகே உள்ள காட்டூரில், 1922 டிசம்பர் 19 அன்று. பெற்றோர் வைத்த பெயர் இராமையா. தனித்தமிழ்ப் பற்று வேகமெடுத்த காலத்தில் அது அன்பழகன் ஆயிற்று.

காவிரிக் கரைப் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பி வைத்தது சிதம்பரம். அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் தமிழ் முதுகலை படித்த 1940களின் முற்பகுதியில், அந்த வளாகம் திராவிட இயக்கத்தின் நாற்றங்காலாக இருந்தது. நாராயணசாமியாகப் பிறந்து நெடுஞ்செழியன் ஆனவரும் அங்கே படித்தவர்தான். 1944இல் நீதிக்கட்சி சேலத்தில் திராவிடர் கழகமாக உருமாறிய அதே ஆண்டில் அன்பழகன் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1957 வரை அங்கே தமிழ் கற்பித்தார். பிற்காலத்தில் எத்தனை துறைகளுக்கு அமைச்சரானபோதும் தி.மு.க.வினருக்கு அவர் ‘பேராசிரியர்’தான்.

1949 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய திராவிட முன்னேற்றக் கழகம் 1952 தேர்தலில் போட்டியிடவில்லை. தன் கோரிக்கைகளுக்கு ஒப்புதல் தந்த பிற கட்சியினரை ஆதரித்தது. தென்னார்க்காட்டில், அதாவது இன்றைய கடலூர், விழுப்புரம் வட்டாரத்தில், அந்த ஆதரவைப் பெற்றவர்களில் முக்கியமானவர் எஸ்.எஸ். இராமசாமி படையாச்சியார். அவருடைய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. 1954இல் படையாச்சியார் காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்றார். அடுத்தவர் தோளில் ஏறி அவைக்குள் எட்டிப் பார்ப்பதால் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தி.மு.க.வுக்குத் தேவைப்பட்டிருக்காது. 1956 திருச்சி மாநாட்டில் நேரடியாகப் போட்டியிடக் கட்சி முடிவெடுத்தது.

1957இல் வென்றவர்கள் 15 பேர். காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி, பெரம்பூரில் சத்தியவாணி முத்து, எழும்பூரில் அன்பழகன். கட்சிக்கு அங்கீகாரம் கிடைக்காததால் எல்லோரும் சுயேச்சைகளாகவே நின்றிருந்தனர்.

1962க்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் அன்பழகன் பேரவையில் இல்லை. 1962 முதல் 1967 வரை மேலவை உறுப்பினர். அடுத்த நான்கு ஆண்டுகள் திருச்செங்கோட்டின் மக்களவை உறுப்பினர். 1967இல் கட்சி ஆட்சியைப் பிடித்தபோதும், 1969இல் அண்ணா மறைந்து கருணாநிதி முதல்வரானபோதும் அவர் இருந்தது டெல்லியில். 1971இல் புரசைவாக்கத்தில் வென்று திரும்பியதும் சுகாதாரத் துறை அமைச்சரானார். 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்படும் வரை அந்தப் பொறுப்பு நீடித்தது.

1977இல் பொதுச்செயலாளர் நெடுஞ்செழியன் கட்சியை விட்டு வெளியேற, அந்தப் பதவி அன்பழகனிடம் வந்தது. சாகும்வரை அது அவரிடமே இருந்தது. எம்.ஜி.ஆர். மாநிலத்தை வென்ற அந்த ஆண்டுத் தேர்தலிலும் தலைநகரின் பெரும்பாலான தொகுதிகள் தி.மு.க. பக்கமே நின்றன. கருணாநிதி அண்ணா நகரிலும் அன்பழகன் புரசைவாக்கத்திலும் வென்றனர், 1980இலும் அப்படியே. இலங்கைத் தமிழர் படுகொலையை ஒட்டி 1983 ஆகஸ்டில் இருவரும் பதவி விலகினர். 1984இல் கருணாநிதி பேரவைக்குப் போட்டியிடவில்லை. அன்பழகன் பூங்கா நகரில் நின்று வென்றார்.

அந்தப் பதவியும் முழுதாக ஐந்தாண்டு நிலைக்கவில்லை. 1986இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டப் பிரதியை எரித்ததற்காக அவரையும் தி.மு.க. உறுப்பினர்கள் ஒன்பது பேரையும் பேரவை நீக்கியது. அப்போது பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன். எந்தச் சட்டத்தின் மீது உறுதிமொழி எடுத்து அவைக்கு வந்தார்களோ அதையே எரிக்கலாமா என்பது ஆளுங்கட்சியின் கேள்வி. மக்கள் தந்த பதவியை அவை பறிக்கலாமா என்பது தி.மு.க.வின் வாதம். இரண்டுமே எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்விகள் அல்ல.

அவருடைய பிந்தைய தொகுதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். கருணாநிதி அண்ணா நகரை விட்டுத் துறைமுகம் சென்ற 1989இல் அண்ணா நகரில் நின்றவர் அன்பழகன். கருணாநிதி துறைமுகத்தை விட்டுச் சேப்பாக்கம் சென்ற 1996இல் துறைமுகத்தில் நின்றவரும் அவரே. தலைவர் நின்ற தொகுதியைப் பாதுகாப்பது பொதுச்செயலாளரின் வேலையாகவே ஆகிவிட்டது எனலாம். வயதில் கருணாநிதியைவிட ஒன்றரை ஆண்டு மூத்தவர் அவர். இளையவரைத் தலைவராக ஏற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டாம் இடத்தில் அமர்ந்திருப்பது தமிழ்நாட்டு அரசியலில் அரிது. அதே இடத்தில் இருந்த நெடுஞ்செழியனாலேயே அது முடியவில்லை.

மண்ணடி, சவுகார்பேட்டை போன்ற வணிகத் தெருக்கள் நிறைந்த துறைமுகம், பல மொழிகளும் பல சமயங்களும் கலந்த தொகுதி. தமிழாசிரியர் ஒருவரை அது 1996, 2001, 2006 என மூன்று முறை தொடர்ந்து தேர்ந்தெடுத்தது. மூன்றாம் முறை வென்றது சில நூறு வாக்குகளில்தான்.

1989லும் 1996லும் அவர் கல்வி அமைச்சர். ஐந்தாம் வகுப்பு வரை தமிழே பயிற்றுமொழியாக வேண்டும் என்ற 1999ஆம் ஆண்டின் அரசாணை அவர் காலத்தது. தனியார் பள்ளிகள் வழக்குத் தொடுத்தன. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாழ்நாள் முழுதும் பேசிய கொள்கையை ஆணையாக்கியபோது கிடைத்த தோல்வி அது.

2001இல் கட்சி 31 இடங்களாகச் சுருங்கியது. அன்பழகன் எதிர்க்கட்சித் தலைவரானார். அவருடைய மிகப் பெரிய வெற்றி அவைக்கு வெளியே இந்தக் காலத்தில்தான் தொடங்கியது. ஜெயலலிதா மீண்டும் முதல்வராகிவிட்ட நிலையில், அவர் மீதான சொத்துக் குவிப்பு வழக்கு தமிழ்நாட்டில் நேர்மையாக நடக்காது என்று அன்பழகன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். சாட்சிகள் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. 2003 நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூர் தனி நீதிமன்றம் தண்டனை வழங்க, ஜெயலலிதா பதவி இழந்தார். மேல்முறையீட்டில் அரசு வழக்கறிஞராகப் பவானி சிங் நியமிக்கப்பட்டதை எதிர்த்தும் அன்பழகன் வழக்காடினார். அந்த நியமனம் செல்லாது என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. அப்போது அவருக்கு வயது 92. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது; 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. முதன்மைக் குற்றவாளி அதற்குள் இறந்துவிட்டதால் சிறை சென்றவர்கள் மற்ற மூவர்.

இடையில், 2006 முதல் 2011 வரை அவர் நிதி அமைச்சர். ஓமந்தூரார் வளாகத்தில் கட்டிய புதிய சட்டமன்றம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டபோது அங்கே நிதிநிலை அறிக்கையை வாசித்தவர் அவரே. அடுத்த ஆண்டு ஆட்சி மாற, அவை கோட்டைக்கே திரும்பியது. அந்தக் கட்டடம் மருத்துவமனையானது. 2011 தேர்தலில் அன்பழகன் வில்லிவாக்கத்தில் நின்று அ.தி.மு.க.வின் ஜே.சி.டி. பிரபாகரிடம் தோற்றார். அத்துடன் அவருடைய சட்டமன்ற வாழ்வு முடிந்தது. 2008இன் தொகுதி மறுவரையறையில் புரசைவாக்கம், பூங்கா நகர் என்ற தொகுதிகளும் வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டன.

2020 மார்ச் 7 அன்று 97ஆம் வயதில் சென்னையில் காலமானார். நூற்றாண்டை ஒட்டி 2022இல் சென்னைக் கல்லூரிச் சாலையில் உள்ள பள்ளிக் கல்வித் துறை வளாகத்துக்குத் தமிழக அரசு அவர் பெயரைச் சூட்டியது. அரசுப் பள்ளிகளுக்கு வகுப்பறைகள் கட்ட ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவிடும் திட்டமும் அவர் பெயரிலேயே அறிவிக்கப்பட்டது.