குத்துப்பட்டாரா, கைதவறிக் கீறிக்கொண்டாரா? மெடிக்கல் கோடிங்கில் ஒரு வார்த்தை செய்யும் வேலை!

அமெரிக்காவில் நெஞ்சில் கத்திக் காயத்தோடு ஒருவர் எமர்ஜென்சிக்கு வருகிறார். அவருடைய சார்ட், சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்திருக்கும் உங்கள் கம்ப்யூட்டருக்கு வரலாம். நோயாளியை நீங்கள் பார்க்கப்போவதில்லை. டாக்டர் எழுதியது மட்டும்தான் ஆதாரம். அதில் எதையெல்லாம் தேட வேண்டும்?

தோலோடு நின்றதா, உள்ளே போனதா?

2015 அக்டோபர் முதல் அமெரிக்காவில் ஐ.சி.டி-10-சி.எம் குறியீடுகள்தான் நடைமுறையில் உள்ளன. இதில் மார்புக்கூட்டின் திறந்த காயங்களுக்கு எஸ்21 வரிசை. இடது முன்பக்கத்தில் வெட்டுக்காயம், உள்ளே பொருள் எதுவும் சிக்கவில்லை, சிகிச்சை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்புக்குழிக்குள் போகவில்லை என்றால் எஸ்21.112ஏ. உள்ளே போயிருந்தால் எஸ்21.312ஏ. ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். ஆனால், முன்னது தையலோடு முடியலாம். பின்னது உயிருக்கே ஆபத்தாகலாம்.

உள்காயத்தை விட்டுடாதீங்க!

காயத்தின் குறியீட்டோடு வேலை முடிவதில்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருந்தால் எஸ்27.0, ரத்தம் தேங்கியிருந்தால் எஸ்27.1, இரண்டும் இருந்தால் எஸ்27.2. இதயக் காயத்துக்கு எஸ்26. இவற்றில் எது மிகத் தீவிரம் என்று டாக்டர் சொல்கிறாரோ, அது முதலில் வர வேண்டும்.

கடைசி எழுத்திலும் பலர் தடுமாறுவாங்க. 'ஏ' என்றால் முதல் விசிட் என்று அர்த்தமில்லை. காயத்துக்கான சிகிச்சை இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். வேறு மருத்துவமனைக்கு மாற்றி ஆபரேஷன் செய்தாலும் 'ஏ'தான். குணமாகும் கட்டத்துக்கு 'டி', பின்விளைவுக்கு 'எஸ்'.

யார் கையில் கத்தி?

வேறொருவர் குத்தினார் என்றால் எக்ஸ்99.1, சமைக்கும்போது தவறுதலாகப் பட்டது என்றால் டபிள்யூ26.0. 'கத்திக் காயம்' என்று மட்டும் எழுதி, எப்படி நடந்தது என்று டாக்டர் சொல்லாமல் விட்டால்? விதிப்படி அதை விபத்தாகத்தான் பதிய வேண்டும். அதாவது, ஒரு வார்த்தை விடுபட்டால், கொலைமுயற்சிகூட கணக்கில் சமையலறை விபத்தாகிவிடும்!

சந்தேகம் வந்தா என்ன செய்யலாம்?

'நெஞ்சில் ட்யூப் போட்டிருக்காங்க, அப்போ உள்ளேதான் போயிருக்கும்' என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது. டாக்டருக்கு கேள்வி அனுப்புங்கள். 'உள்ளே போயிருக்குதானே?' என்று பதிலைத் திணிக்காமல், 'காயத்தின் ஆழத்தைத் தெளிவுபடுத்த முடியுமா?' என்று கேளுங்கள்.

ஒரு சார்ட் தாமதமானால் அன்றைய டார்கெட் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஊகித்துப் போட்ட குறியீடோ, முகம் தெரியாத அந்த மனிதரின் பில்லிலும் மருத்துவப் பதிவிலும் தங்கிவிடும். அதனால, கேட்கத் தயங்காதீங்க!