நாட்காட்டி சொல்லாத கோடை நாட்கள்

யூபிலி கொண்டாடும் நம் பங்கின் அன்பு மக்களே,

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நாளுக்கொரு தாளாகக் கிழிக்கிறோம். அன்றைய புனிதரின் பெயரைப் பார்ப்பவர் உண்டு. கூலி வாங்கும் நாள் எப்போது என்று எண்ணிப் பார்ப்பவரும் உண்டு. ஜூன் 2-ஆம் தேதித் தாளில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கத்திரி வெயில் போன பின்பும் வெக்கை தணியாத நாள்; பள்ளிக்கூடச் செலவை நினைத்துப் பெற்றோர் கலங்கும் நாள். ஆயினும் இந்திய வரலாற்று நூல்களில் நம் ஆரணியின் பெயரை ஏற்றிவைத்த நாட்களுள் அதுவும் ஒன்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1782-ஆம் ஆண்டு ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இரண்டாண்டுகளுக்கு முன், 1780 ஜூலையில், ஹைதர் அலி பெரும்படையுடன் செங்கம் கணவாய் வழியாக ஆற்காட்டு நவாபின் சீமைக்குள் இறங்கியிருந்தார். ஆற்காடும் அவர் கைக்கு வந்துவிட்டது. ஆரணிக் கோட்டையில் அவர் தம் படைக்கு வேண்டிய தளவாடங்களைக் குவித்து வைத்திருந்தார். அதைக் குறிவைத்து வந்தவர் ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட். 1760 ஜனவரி 22-இல் அண்டை ஊராகிய வந்தவாசியில் பிரெஞ்சுப் படையை முறியடித்தவர் இவரே. இப்போதோ முதுமையும் நோயும் அவரை வாட்டின.

ஹைதர் தம் மகன் திப்புவை ஆரணியைக் காக்க முன்னே அனுப்பிவிட்டு, தாமும் விரைந்து வந்தார். அன்று காலை ஆங்கிலப் படையின் பின்புறத்தில் ஹைதரின் பீரங்கிகள் முழங்கின. ஆரணிப் பக்கமிருந்து திப்புவின் படை சுட்டது. இரு பக்கமும் நெருக்கப்பட்ட கூட், குழப்பத்தினூடே தம் அணிகளைச் சீர்செய்து எதிர்த்து நின்றார். மைசூர்ப் படை ஆற்றைக் கடந்து விலகிற்று. அந்த அவசரத்தில் ஒரு பீரங்கியும் சில மருந்து வண்டிகளும் ஆற்றுப் படுகையிலேயே தங்கிவிட்டன. போர்க்களம் கூட்டுக்கு, கோட்டையோ ஹைதருக்கே என்று அன்றைய பொழுது முடிந்தது. கூட் சென்னைக்குத் திரும்பினார்.

வென்றவர் யார்? அதே ஆண்டு டிசம்பர் 7-இல் ஹைதர் சித்தூர் அருகே பாசறையில் உயிர் நீத்தார். அடுத்த ஏப்ரலில் கூட் சென்னையில் மறைந்தார். 1784 மார்ச் 11-இல் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடித்த ஊர்களை அவரவர் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தனர். அதாவது, நான்காண்டுகள் ஊர்கள் எரிந்த பிறகு எல்லைக்கோடு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது!

அக்காலப் போர்கள் பல கோடையிலே நிகழ்ந்ததற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் சேற்றில் புதையும், வெடிமருந்து நனையும், ஆறுகள் வழிமறிக்கும். கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். இதற்குத் தெளிவான சான்று ஸ்ரீரங்கப்பட்டணம். காவிரியில் புதுவெள்ளம் வருமுன் கோட்டையைப் பிடித்தாக வேண்டும் என்று ஆங்கிலேயர் துடித்தனர். 1799 மே 4, சனிக்கிழமை, இன்றைய நாட்காட்டிப்படி அக்கினி நட்சத்திரம் தொடங்கும் நாள். காவலர் களைத்திருக்கும் நண்பகல் வேளையில், சுமார் ஒரு மணிக்கு, ஆங்கிலப் படை நீர் குறைந்த காவிரியைக் கடந்து பாய்ந்தது. ஆரணியில் தந்தைக்குத் துணைநின்ற அதே திப்பு அன்று வாளோடு வீழ்ந்தார்.

அவருடைய மக்களைக் கொண்டுவந்து குடியிருத்திய இடம் நமக்கு அருகிலுள்ள வேலூர்க் கோட்டை. அங்கே 1806 ஜூலை 10, வியாழக்கிழமை, விடியுமுன்பே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் பொருத்திய புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற ஆணை இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருங்கே புண்படுத்தியிருந்தது. முந்திய நாளில்தான் கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குத் திருமண ஏற்பாடு. 100-க்கு மேற்பட்ட ஆங்கிலேயர் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பியின் குதிரைப்படை அன்று காலையே வந்து சேர்ந்தது. சுமார் 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். தலைப்பாகை ஆணை பின்னர் கைவிடப்பட்டது; ஆளுநர் பெண்டிங்க் பதவியிழந்து திரும்ப அழைக்கப்பட்டார். பிறரின் நம்பிக்கையைத் தொட்டு விளையாடக் கூடாது என்ற பாடத்துக்கு அத்தனை உயிர்கள் விலையாயின.

அன்பர்களே, இந்த மூன்று நாட்களின் வரலாற்றிலும் தளபதிகளின் பெயர் இருக்கிறது. அவர்கள் எழுதிய கடிதம்கூட இருக்கிறது. அன்றைக்கு எந்தக் குடியானவன் கிணறு தூர்ந்தது, எந்தத் தாய் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்பது எதிலும் இல்லை. ஏழைகள் நாள் கணக்கு வைத்ததில்லை. துன்பத்தைக் கொண்டே ஆண்டைக் குறித்தார்கள். 1876 முதல் 1878 வரை வாட்டிய கொடும் பஞ்சம் 'தாது வருஷப் பஞ்சம்' என்றே பாட்டிமார் வாயில் நிலைத்தது அல்லவா?

பீரங்கிச் சத்தத்தோடு வரும் நாட்களைப் போல ஓசையின்றி வரும் நாட்களும் உண்டு. 1891 மே 15, வெள்ளிக்கிழமை. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலில் கையொப்பமிட்டார். உழைப்பாளி தன்னையும் தன் குடும்பத்தையும் காக்கப் போதிய கூலி பெறுவது நீதி, தொழிலாளர் சங்கமாய்க் கூடுவது அவர்கள் உரிமை என்று அம்மடல் உலகுக்கு எடுத்துரைத்தது. 1923 மே 1, செவ்வாய்க்கிழமை. மீனவர் குலத்தில் பிறந்த ம. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார். இருவர் பாதையும் வெவ்வேறு. இருவர் கண்ணிலும் பட்டவன் ஒரே உழைப்பாளி. 1955-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அதே மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பருக்கு உரிய திருநாளாக்கினார். குழித்தறியில் கால் மிதித்து, பட்டிழையும் ஜரிகையும் கோத்துச் சேலை நெய்யும் நம் ஊருக்கு இந்நாட்கள் அந்நியமானவை அல்ல. ஆனால் அவை பிறந்த வேளையில் எந்தத் தறியும் ஒரு நொடிகூட நின்றிருக்காது!

அப்படியானால் சாமானியரின் நாட்களை எழுதிவைத்தவர் எவருமில்லையா? உண்டு. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கப் பணித்தது. 1614-இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் பதிவேட்டையும் சேர்த்தது. அந்த ஏடுகளில் தளபதிக்கு ஒரு வரி. தறிக்காரருக்கும் அதே ஒரு வரி. பெயர், பெற்றோர், நாள், அவ்வளவே. பங்குக் குருவாக நான் பழைய ஏடுகளைப் புரட்டும்போது என் கை தானாகவே நின்றுவிடும் பக்கங்கள் உண்டு. ஒரே வீட்டில் திருமுழுக்கு ஓர் ஏட்டில். சில நாட்களுக்குள் அதே குழந்தையின் பெயர் மற்றோர் ஏட்டில். ஊருக்கு அது மற்றுமொரு கோடை நாள். அந்தத் தாய்க்கு?

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் உங்களிடம் நான் கேட்பது நன்கொடை அன்று. உங்கள் வீட்டுப் பெரியவர் அருகில் ஒரு மாலை உட்காருங்கள். அவர் எந்த ஆண்டு முதல் தறி போட்டார், எந்தக் கோடையில் கிணறு வற்றிற்று, எந்த நாளில் கடன் அடைந்தது என்று கேளுங்கள். தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர் கண்மூடிவிட்டால் அந்த நாட்களும் அவரோடு மண்ணுக்குள் போய்விடும். ஆரணிப் போரன்று இந்த மண்ணில் வாழ்ந்த எளியவர்களுக்கு நேர்ந்தது போல, நம் மக்களும் பெயரற்றவர்களாய்ப் போக வேண்டாம்.

வருகிற ஜூன் 2 அன்று தாளைக் கிழிக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆற்று மணலில் கிடந்தவர்களுக்காக, எந்தப் படையைச் சேர்ந்தவராயினும், ஒரு செபம் சொல்லுங்கள். பிறகு தறிக்குப் போங்கள். நாட்காட்டியில் வெறுமையாய்த் தெரியும் நாள் எதுவும் உண்மையில் வெறுமையானதல்ல.

உங்கள் அன்புள்ள,
பங்குத் தந்தை