நிலம் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம்

தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டு அலைந்தவர்களுக்கு இது பழகிய கதை. ஆசிரியருக்குச் சம்பளம் கூட்டரசு கொடுக்கும். பள்ளி நிற்கும் மண்ணுக்கு மாநில அரசிடம்தான் போகணும். இது ஏதோ அலுவலகக் குழப்பம் இல்லை. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை கல்வியைக் கூட்டரசுப் பட்டியலிலும் நிலத்தை மாநிலப் பட்டியலிலும் வைத்திருக்கிறது. ஏன் அப்படி?

1946 ஏப்ரலில் பிரிட்டிஷார் ஒன்பது மலாய் மாநிலங்களையும் பினாங்கு, மலாக்காவையும் மலாயன் யூனியன் என்ற ஒரே மத்திய ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே சர் ஹரோல்ட் மெக்மைக்கல் சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டிருந்தார். மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். மே மாதம் அம்னோ பிறந்தது. 1948 பிப்ரவரி 1இல் யூனியன் போய், மலாயா கூட்டமைப்பு வந்தது. மாநிலங்களும் சுல்தான்களின் இறைமையும் மீண்டன. நிலம் மாநிலத்திடமே நின்றது. ஆனா ஒன்றை மறக்கக்கூடாது. யூனியன் தாராளமாகத் திறந்துவைத்த குடியுரிமைக் கதவு, அதே ஏற்பாட்டில்தான் நம் தாத்தா பாட்டிகளுக்குக் குறுகிப்போனது. மாநில உரிமையின் வெற்றி எல்லோருக்கும் ஒரே மாதிரி இனிக்கவில்லை.

1956இல் ரீட் ஆணையம் வந்தது. ஐந்து பேர், ஒருவர்கூட மலாயாக்காரர் இல்லை. வலுவான மத்திய அரசு வேண்டும், மாநிலங்களுக்கு ஓரளவு தன்னாட்சி வேண்டும் என்பதே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வருமான வரியும் சுங்க வரியும் மத்திக்குப் போயின. மாநிலத்துக்கு முக்கியமாக நிலம், சுரங்கம், காடு ஆகியவற்றின் வருமானம். கையில் காசில்லாத மாநிலம் மண்ணையும் மரத்தையும்தானே நம்பும்?

1963இல் இந்த 'ஓரளவு' நீதிமன்றம் ஏறியது. பாஸ் கட்சி ஆண்ட கிளந்தான், தன் சம்மதம் இல்லாமல் மலேசியாவை உருவாக்க முடியாது என்று செப்டம்பர் 10இல் வழக்குப் போட்டது. தலைமை நீதிபதி தாம்சன் செப்டம்பர் 14இல் அதைத் தள்ளினார்: நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஒவ்வொரு மாநிலத்தையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டே நாளில் மலேசியா பிறந்தது.

நாட்டின் உருவமே மாறும்போது மாநிலத்தின் சம்மதம் தேவைப்படவில்லை; ஒரு பள்ளிக்கு ஓர் ஏக்கர் கொடுக்க மட்டும் அது வேண்டும். அடுத்த முறை மனு எழுத உட்காரும்போது, முதல்ல அந்த ஒன்பதாவது அட்டவணையை ஒருதரம் படிச்சுப் பாருங்க.