வட்டப்பாறையும் நாணயமும்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர், மூவர் பாடல் பெற்ற தலம். இரட்டைப்புலவரின் கலம்பகத்தால் இலக்கிய வாசகர் அறிந்த ஊருங்கூட. அக்கோயிலின் வட்டப்பாறை முன்னே பொய்ச்சத்தியம் செய்ய மக்கள் அஞ்சுவர். சாட்சியில்லாத வழக்குக்கு ஊரார் கண்ட தீர்வு அது: சம்பந்தப்பட்டவனின் சொல்லையே சாட்சியாக்குவது. சாட்சியின்மை என்னும் அதே சிக்கலைக் கோல்ஃப் ஆட்டமும் எதிர்கொண்டது.

ஸ்காட்லாந்தின் லீத் நகரில் 1744இல் எழுதப்பட்ட 13 விதிகளே இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையவை. பெரும்பாலான ஆட்டங்களில் நடுவர் உடன்வருவதில்லை. தன் தவற்றைத் தானே அறிவித்துத் தண்டனை ஏற்பதே மரபு. குழியைச் சூழ்ந்து புல்லை ஒட்ட வெட்டிய 'கிரீன்' பரப்பில் இம்மரபு மிக நுட்பமாகிறது. பிறர் பந்து உருளவிருக்கும் தடத்தை மிதிக்கலாகாது. அதன்மேல் நிழலும் விழலாகாது. பந்தைக் கையிலெடுக்குமுன் அதன் பின்னால் ஒரு நாணயத்தை வைத்து, பின்னர் அதே இடத்தில் பந்தை வைக்கவேண்டும்.

இவ்வாட்டம் 1829இல் கல்கத்தாவில் கழகம் கண்டது. 1895இல் கொடைக்கானலுக்கும் ஒரு கழகம் வாய்த்தது. நீர் அரிதான இந்தியக் களங்கள் பலவற்றில் புல்லுக்கு மாற்றாக எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி, அதனைப் 'பிரவுன்' என்றனர். பரப்பு மாறினும் விதி மாறவில்லை.

2017இல் கலிபோர்னியாவில் நடந்த பெரும்போட்டியொன்றில் அம்மரபு சோதனைக்குள்ளானது. லெக்ஸி தாம்சன் கிரீனில் பந்தைச் சற்றே இடம்மாற்றி வைத்ததைத் தொலைக்காட்சி நேயர் ஒருவர் கண்டு, மறுநாள் மின்னஞ்சலில் தெரிவித்தார். தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு இரண்டு, பிழையான கணக்கில் கையொப்பமிட்டதற்கு இரண்டு என நான்கு அடிகள் தண்டமாக விதிக்கப்பட்டன. முன்னிலையில் இருந்தவர், இறுதியில் சமன்முறி ஆட்டத்தில் தோற்றார். தாம் அறிந்து செய்யவில்லை என்றார் அவர்.

அதன்பின் விதியாளர்கள் எடுத்த முடிவே கவனிக்கத்தக்கது. 2018 முதல் நேயர் புகார்களை ஏற்பது நின்றது. இடத்தைக் கணிப்பதில் ஆட்டக்காரரின் நியாயமான மதிப்பீடே போதும் என்பது 2019ஆம் ஆண்டின் திருத்திய விதிகளில் இடம்பெற்றது. கிரீனில் தற்செயலாகப் பந்து நகர்ந்தாலும் தண்டமில்லை என்றாயிற்று.

கருவியின் கண்ணை விட மனிதரின் சொல்லை நம்பிய முடிவு இது. வட்டப்பாறையில் சொல்லைக் காக்கத் தெய்வ அச்சமேனும் உண்டு. புல்தரையில் அதுவும் இல்லை. காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் 'நாணயம்' என்று ஒரே சொல் இருப்பது, பந்தின் பின்னே வைக்கப்படும் அச்சிறு வட்டத்துக்கு வெகுவாகப் பொருந்துகிறது.