ரப்பரா, நெல்லா?



"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கூழைக் குடித்தால் மீசை நனையும். மீசையைக் காத்தால் வயிறு காயும். ஒன்றைப் பெற வேண்டுமானால் மற்றொன்றை விட வேண்டியிருக்கிறது. அப்படி நாம் விட்டவற்றுள் சிறந்தது எதுவோ, அதையே பொருளியல் அறிஞர்கள் 'வாய்ப்புச் செலவு' என்கிறார்கள். அது கையிலிருந்து எண்ணிக் கொடுக்கும் காசு அன்று. ஆகவே கணக்குப் புத்தகத்தில் எளிதில் தென்படாது. ஆயினும் அதற்காக ஒரு நாடே பசித்திருக்க நேரலாம். மலாயாவில் அப்படி நேர்ந்த கதையை இன்று பார்ப்போம்.

முதலில் லயத்துக்குப் பின்னாலுள்ள ஒரு சிறு கொல்லையை எண்ணிப் பார்ப்போம். அதில் பத்துப் பாத்திகள். வாய்க்காலை ஒட்டிய பள்ளமான பாத்திகளில் கீரை செழிக்கும். மேட்டுப் பாத்திகளில் மரவள்ளி நன்றாக விளையும். பத்துப் பாத்தியும் பயிராகிவிட்டது. இனிமேல் கீரை கூடுதலாக வேண்டுமென்றால் மரவள்ளியைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். இதுவே 'உற்பத்தி வாய்ப்பு எல்லை'. அதுமட்டுமன்று, மேட்டுப் பாத்தியைக் கீரைக்கு மாற்றினால் நாம் இழக்கும் கிழங்கு அதிகம், கிடைக்கும் கீரையோ கொஞ்சம். ஏற்ற மண்ணை விட்டு ஏலாத மண்ணுக்குப் போகப் போக, விட்டுக்கொடுப்பது ஏறிக்கொண்டே போகும்.

இனி நாட்டுக் கணக்குக்கு வருவோம். 1896-ஆம் ஆண்டில் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். மோட்டார் வண்டி பெருகியதும் ரப்பருக்கு மவுசு ஏறியது. 1910-ஆம் ஆண்டில் இலண்டன் சந்தையில் ஒரு ராத்தல் 12 ஷில்லிங்குக்கும் மேல் விலை போயிற்று. காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பல் ஏறி வந்தார்கள். 1920-ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கரில் பால் மரம் நின்றது. உண்ணும் அரிசியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது.

இதை மடமை என்று சொல்லிவிட முடியாது. ரப்பர் விலை உயர்ந்திருந்தபோது, ஓர் ஏக்கர் ரப்பரை விற்று வாங்கிய அரிசி, அந்த ஏக்கரில் விளையக்கூடிய நெல்லைவிட அதிகம். ஆனால் அந்தக் கணக்கு இரண்டு நிபந்தனைகளின்மேல் நின்றது: ரப்பரை வாங்க ஆள் வேண்டும், அரிசியைக் கொண்டுவரக் கப்பல் வேண்டும்.

முதல் அடி விரைவிலேயே விழுந்தது. நெல் வயல்களும் ரப்பராக மாறுவதைக் கண்ட அரசு, 1917-ஆம் ஆண்டில் நெல் நிலச் சட்டம் கொண்டுவந்து அதைத் தடுத்தது. 1918-ஆம் ஆண்டில் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அடுத்த ஆண்டில் சயாமிலும் விளைச்சல் கெட, அந்த நாடு அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. மலாயாவில் அரிசி விலை கடுமையாக ஏறிற்று. உணவுப் பயிர் வளர்க்கும்படி தோட்டங்களை அரசு வற்புறுத்தியது. ஆனால் பால் மரத்துக்கு ஏற்ற சரிவான மண், நெல்லுக்கு ஏற்றதன்று. நம் கொல்லையின் மேட்டுப் பாத்திக் கதைதான் அங்கேயும் நடந்தது.

1932-ஆம் ஆண்டில் ரப்பர் விலை ராத்தல் 2 பென்ஸ் அளவுக்கு வீழ்ந்தது. மரம் நின்றது, பாலும் வந்தது, வாங்குவார்தாம் இல்லை. மந்தம் நிலவிய அந்தச் சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

பெரிய அடி ஜப்பான் காலத்தில் விழுந்தது. 1942-ஆம் ஆண்டு முதல் 1945-ஆம் ஆண்டு வரை, ரப்பருக்குப் பழைய சந்தையும் இல்லை. அரிசி ஏற்றி வரக் கப்பலும் இல்லை. இரு நிபந்தனைகளும் ஒருசேர முறிந்தன. தோட்டங்களில் பால் மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். பால் தரும் பருவத்துக்கு வளர ஒரு மரத்துக்கு ஆறேழு ஆண்டுகள் வேண்டும். வெட்டிச் சாய்க்க ஒரு மணி நேரம் போதும். கிழங்கு நடவும் கைகள் வேண்டும் அல்லவா? அந்தக் கைகளிலும் பல்லாயிரம் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. நம் குடும்பங்களில் மரவள்ளிக் கிழங்கைக் கண்டதும் சில முதியவர்கள் பேச்சை நிறுத்தியதன் காரணம் இதுதான்.

எல்லை என்றால் அது அசையாத வேலி என்று எண்ண வேண்டாம். அறிவும் உழைப்பும் அதைத் தள்ளி வைக்கும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு மரங்கள், பழைய விதைக் கன்று மரங்களைவிட இரு மடங்குக்கும் மேலாகப் பால் தந்தன. கெடாவில் 1970-ஆம் ஆண்டில் நிறைவேறிய மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால், ஒரு போகம் விளைந்த வயலில் இரு போகம் விளைந்தது. இவற்றுக்கும் செலவு உண்டு. பழைய மரத்தை வீழ்த்திப் புதுக்கன்று நட்டவர், அந்த நிலத்தில் ஆறேழு ஆண்டு பால் வருமானத்தை விட்டுக்கொடுத்தார். இன்றைய வருவாயை விட்டு நாளைய வருவாயை வாங்கினார்.

இந்த வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத செய்தி ஒன்று உண்டு. எதைப் பயிரிடுவது என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் தொலைவில் இருந்தார்கள். விட்டுக்கொடுத்ததன் விலையைச் செலுத்தியவர்கள் லயத்தில் இருந்தார்கள். ஆகவே ஒரு முடிவால் என்ன கிடைக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், எதை விடுகிறோம், அதை யார் இழக்கிறார்கள் என்றும் கேட்கப் பழகுவோம்.

வீட்டிலும் இக்கேள்வி பொருந்தும். பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையை நிரைக்கு உதவியாக அழைத்துச் சென்றால், அன்றைக்குச் சில வெள்ளி கூடலாம். அது கண்ணுக்குத் தெரியும். தவறிப்போன பாடம் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தபின் முடிவு செய்வோம்.